புதியவன் யாருக்குக் கடன்பட்டவன்?

2000-களின் நடுப்பகுதியில், அமெரிக்கத் தொழில்முறை மல்யுத்த நிறுவனமான டபிள்யூ.டபிள்யூ.இ.யின் வீரர்கள் உடைமாற்றும் அறையிலிருந்து மைக் மிஸானின் என்ற இளைஞர் வெளியேற்றப்பட்டார். அவர் கோழிக்கறி தின்றபோது துணுக்குகள் ஒரு நடுவரின் பையில் விழுந்துவிட்டன என்பது குற்றம். வெளியே போகச் சொன்னவர் மூத்த வீரர் கிறிஸ் பென்வா. அதன்பின் சுமார் ஆறு மாதம் நடைவழிகளிலும் பொதுக் கழிப்பறைகளிலும் உடைமாற்றிக்கொண்டு வேலை பார்த்ததாக மிஸானின் பிற்காலப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இன்னொரு மூத்த வீரரான அண்டர்டேக்கர் மனம் வைத்த பிறகுதான் அவரால் உள்ளே வர முடிந்தது.

கோழித் துணுக்கு ஒரு சாக்குதான். மிஸானின் எம்.டிவியின் 'தி ரியல் வேர்ல்ட்' என்ற ரியாலிட்டி நிகழ்ச்சியில் முகம் காட்டிவிட்டு மல்யுத்தத்துக்கு வந்தவர். சிற்றூர்க் கூடங்களில் ஐம்பது பேர் முன்னால் ஆண்டுக்கணக்கில் விழுந்து எழுந்தவர் இல்லை. மூத்தவர்களை உறுத்தியது அதுதான்.

2010 பிப்ரவரியில் அதே நிறுவனம் என்.எக்ஸ்.டி. என்ற நிகழ்ச்சியைத் தொடங்கியது. புதுமுகம் ஒவ்வொருவருக்கும் ஒரு மூத்த வீரர் வழிகாட்டி என்பது ஏற்பாடு. புதுமுகங்களில் ஒருவராக நிறுத்தப்பட்டவர் பிரையன் டேனியல்சன். 1999-ல் ஷான் மைக்கேல்ஸின் பள்ளியில் பயின்று, அமெரிக்கச் சிறு மேடைகளிலும் ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் பத்து ஆண்டுகள் ஆடி, உலகின் தலைசிறந்த சிலருள் ஒருவர் என்று பெயர் வாங்கியிருந்தவர் அவர். அவருக்கு வழிகாட்டியாக நியமிக்கப்பட்டவர், 'தி மிஸ்' என்ற அதே மிஸானின்.

யார் புதியவர், யார் மூத்தவர், யார் அடிமட்டத்திலிருந்து படியேறி வந்தவர் என்பதெல்லாம் இந்தத் தொழிலில் எவ்வளவு குழம்பிக் கிடக்கிறது என்பதற்கு இந்த ஒரு ஜோடி போதும். "முதலில் அடிபட்டு வா, பிறகு பேசு" என்பது தொழில்முறை மல்யுத்தத்தின் எழுதாச் சட்டம். புதியவன் வந்ததும் அறையில் உள்ள ஒவ்வொருவருக்கும் கைகொடுக்க வேண்டும். மூத்தவர்களின் பைகளைச் சுமக்க வேண்டும். அவர்கள் தூங்கிக்கொண்டு வர, இரவு முழுக்கக் கார் ஓட்ட வேண்டும். மேடையில் சளைக்காமல் தோற்றுக்கொடுக்க வேண்டும். தொண்ணூறுகளில் கேபிள் டிவியில் டபிள்யூ.டபிள்யூ.எஃப். (டபிள்யூ.டபிள்யூ.இ.யின் பழைய பெயர்) பார்த்தும் டிரம்ப் கார்டு சேர்த்தும் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு மேடையில் நடந்தது மட்டுமே தெரியும். திரைக்குப் பின்னால் இப்படியொரு சாதியடுக்கு இருந்தது நமக்கு மெல்ல மெல்லத்தான் தெரியவந்தது.

அந்த அடுக்கு தேவைதானா? என் பார்வையில் அந்த எழுதாச் சட்டத்துக்குள் இரண்டு வேறு காரியங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, எதிராளியின் உடலைக் காப்பாற்றக் கற்றுக்கொள்ளும் காலம். மற்றது, மூத்தவன் முன் வாய் திறக்காமல் இருக்கப் பழக்கும் ராகிங். முதலாவதை எந்தப் புதியவனும் தவிர்க்கக் கூடாது. இரண்டாவதற்கு எந்தப் புதியவனும் கடன்பட்டவன் இல்லை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி நியாயப்படுத்துவதுதான் மூத்தவர்கள் காலங்காலமாகச் செய்துவரும் பிழை.

முதலில் கற்றலைப் பார்ப்போம். முடிவு முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டது என்பதால் எல்லாமே பாவனை என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் விழுவது பாவனை இல்லை. மேடை என்பது இரும்புச் சட்டம், அதன்மேல் மரப்பலகை, மெல்லிய பஞ்சுவிரிப்பு, கித்தான். ஆறடி உயரத்திலிருந்து அதில் முதுகால் விழும்போது தாடையை நெஞ்சோடு சேர்த்து வைக்காதவன் தலையில் அடிவாங்குவான். இன்னொருவன் நம்மைத் தலைகீழாகத் தூக்கும் நொடியில் நம் கழுத்து அவன் கையில் இருக்கிறது. குத்துச்சண்டையில் எதிராளியை வீழ்த்துவது வெற்றி. இங்கே எதிராளி மறுநாளும் வேலைக்கு வரும்படி பார்த்துக்கொள்வதுதான் திறமை.

பில் கோல்ட்பர்க் அமெரிக்கக் கால்பந்து வீரர். 1997 செப்டம்பரில், போட்டி நிறுவனமான டபிள்யூ.சி.டபிள்யூ.வின் தொலைக்காட்சியில் முதல் ஆட்டம் ஆடினார். 1998 ஜூலை 6 அன்று, அட்லாண்டாவின் ஜார்ஜியா டோம் அரங்கில் ஹல்க் ஹோகனை வென்று சாம்பியன் ஆனார். இடைப்பட்டது பத்து மாதம்கூட இல்லை. அந்த மாதங்களில் அவர் ஆடியவை பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் முடிந்த ஆட்டங்கள். நீண்ட ஆட்டத்தில் எதிராளியின் களைப்பை அறியவும் தன் வேகத்தை அடக்கவும் அவருக்கு வாய்ப்பே தரப்படவில்லை. 1999 டிசம்பர் 19 அன்று அவர் விட்ட உதை பிரெட் ஹார்ட்டின் தலையில் சரியாக விழுந்தது. மூளை அதிர்ச்சியோடு ஆட்டத்தை முடித்த ஹார்ட், அடுத்த ஆண்டே ஓய்வு பெற நேர்ந்தது. இருபது ஆண்டுகளுக்கும் மேல் ஆடி, தன் எதிராளிகளைக் காயப்படுத்தாததையே பெருமையாகக் கொண்டிருந்த ஒருவரின் வாழ்வு, கற்க அவகாசம் பெறாத ஒருவரின் காலால் முடிந்தது. இதில் கோல்ட்பர்க் மட்டும் குற்றவாளி என்று நான் நினைக்கவில்லை. பயிற்சி முடியுமுன் பணம் பண்ண அவரை மேலே ஏற்றிய நிறுவனத்துக்கே பெரும்பங்கு உண்டு.

அனுபவம் இருந்தால் விபத்தே நேராது என்றும் சொல்ல முடியாது. 1997 ஆகஸ்டில் ஸ்டீவ் ஆஸ்டினின் கழுத்தை முறித்த பைல்டிரைவரை (எதிராளியைத் தலைகீழாகப் பிடித்து இறக்கும் நகர்வு) போட்டவர், மல்யுத்தக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்த ஓவன் ஹார்ட். ஆனாலும் பயிற்சி அந்த ஆபத்தைக் குறைக்கும். அதற்காகவே அது வேண்டும்.

அந்தப் பயிற்சியை ஒரு காலத்தில் அமெரிக்கா எப்படித் தந்தது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் மூத்தவர்களின் ஆதங்கம் விளங்கும். 1948-ல் அயோவா மாநிலத்தின் வாட்டர்லூ நகரில் பிரமோட்டர்கள் கூடி நேஷனல் ரெஸ்லிங் அலையன்ஸை உருவாக்கினார்கள். நாட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டார்கள். மெம்ஃபிஸ், போர்ட்லாண்ட், புளோரிடா, கரோலினா என்று ஒவ்வொன்றும் தனி உலகம். ஒரு பகுதியில் சில மாதம் ஆடிவிட்டு அடுத்த பகுதிக்குப் போவது வழக்கம். மெம்ஃபிஸில் வாரந்தோறும் திங்கட்கிழமை அதே அரங்கம், ஏறத்தாழ அதே முகங்கள். போன வாரம் செய்ததையே இந்த வாரமும் செய்ய முடியாது. கூட்டம் எப்போது மூச்சைப் பிடிக்கிறது, எப்போது அலுக்கிறது என்பதைச் செவியால் அறிய வேண்டும். ஆட்டத்தின் நடுவே, பிடியில் இருக்கும்போது, மூத்தவர் காதோடு அடுத்த நகர்வைச் சொல்வார். அவரிடம் தோற்பதே பாடமாக இருந்தது.

அந்தக் காலத்தின் கடைசி மாணவர்களில் ஒருவர் ஸ்டீவ் ஆஸ்டின். டென்னசியில் கூலி போதாமல் பச்சை உருளைக்கிழங்கைத் தின்று நாளைக் கடத்தியதை அவரே சொல்லியிருக்கிறார். மிக் ஃபோலி நியூயார்க் மாநிலத்தின் கார்ட்லாண்டில் கல்லூரியில் படித்துக்கொண்டே, பென்சில்வேனியாவில் டொமினிக் டெனூச்சி நடத்திய பள்ளிக்கு மணிக்கணக்கில் கார் ஓட்டிப் போவார். இரவில் காரிலேயே தூங்குவார். இவர்கள் "நாங்கள் பட்டோம்" என்று சொல்லும்போது அதில் பொய் இல்லை. ஆனால் ஆஸ்டினைக் கலைஞராக்கியது எது? பச்சை உருளைக்கிழங்கா, வாரம் பல இரவுகள் வெவ்வேறு ஊர்க் கூட்டத்தின் முன் ஆடியதா? பட்டினியையும் பாடத்தையும் ஒரே நேரத்தில் அனுபவித்தவருக்கு இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கடினம். பிரித்துப் பார்க்க வேண்டியது நம் வேலை.

இனி ராகிங். அதற்கும் ஒரு காலத்தில் காரணம் இருந்தது. முடிவுகள் முன்கூட்டியே தீர்மானிக்கப்படுகின்றன என்ற உண்மை வெளியே போனால் பிழைப்பு போய்விடும் என்று வீரர்கள் நம்பினார்கள். எனவே தொழிலுக்குள் வர நினைப்பவனை முதலில் வலியால் சோதித்தார்கள். டாம்பாவில் ஹிரோ மாட்சுடாவிடம் பயிலப் போன முதல் நாளே தன் கால் முறிக்கப்பட்டதாக ஹல்க் ஹோகன் சொல்லிவந்தார். கனடாவின் கால்கரியில், தன் வீட்டு நிலவறையில் ஸ்டூ ஹார்ட் இளைஞர்களைப் பிடிபோட்டு அலற வைத்த 'டஞ்சன்' உலகப் புகழ் பெற்றது. மல்யுத்தம் போலி என்று வெளியே சொல்லும் துணிச்சல் எவருக்கும் வரக்கூடாது என்பது அந்த வலியின் நோக்கம்.

அந்த ரகசியத்தை உடைத்தவர்கள் முதலாளிகளே. 1989-ல் டபிள்யூ.டபிள்யூ.எஃப். நியூ ஜெர்சி அதிகாரிகளிடம், இது போட்டி விளையாட்டு இல்லை, கேளிக்கைதான் என்று ஒப்புக்கொண்டது. விளையாட்டு ஆணையத்தின் வரியிலிருந்தும் கண்காணிப்பிலிருந்தும் தப்பிப்பதற்காக அப்படிச் சொன்னார்கள். அதற்கு முன்பே, 1980-களில், அதன் முதலாளி வின்ஸ் மக்மேன் நாடு முழுவதையும் ஒரே நிறுவனமாக்கப் புறப்பட்டதில் பகுதிகள் ஒவ்வொன்றாக அழிந்திருந்தன. கற்றுத்தந்த பகுதிகளும் போயின, காக்க வேண்டிய ரகசியமும் போயிற்று. எஞ்சியது சடங்கு. மூத்தவர்கள் இதை எண்ணிப் பார்த்தார்களா என்று எனக்குத் தோன்றுவதுண்டு. தங்களுக்கு யாரோ கற்றுக்கொடுத்த கலையைப் புதியவனுக்குக் கொடுக்க இடமில்லாமல் போனபோது, தாங்கள் பட்ட அவமானத்தை மட்டும் தவறாமல் கையளித்தார்கள்.

ஜப்பானில் கதை வேறு. கொரியாவில் பிறந்து சூமோ வீரராக இருந்த ரிக்கிடோசான் 1950-களில் அங்கே தொழில்முறை மல்யுத்தத்தை நிறுவினார். சூமோவில் மூத்தவருக்கு இளையவர் பணிவிடை செய்யும் வழக்கத்தையும் உடன் கொண்டுவந்தார். 1960 செப்டம்பர் 30 அன்று அவருடைய இரு சீடர்கள் ஒரே நாளில் அறிமுகமானார்கள். ஜெயண்ட் பாபா ஏற்கெனவே பேஸ்பால் வீரராகப் பெயர் பெற்றவர் என்பதால் சீக்கிரமே அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டார். பிரேசிலிலிருந்து பதினேழு வயதில் வந்த அன்டோனியோ இனோக்கி ஆசானின் எடுபிடியாகக் கிடந்து அடியும் வாங்கினார். ஆக, சமமாகத் தோன்றும் இந்தச் சட்டம் ஜப்பானிலும் தொடக்கத்திலிருந்தே எல்லோருக்கும் ஒன்றாக இருக்கவில்லை.

1972-ல் இனோக்கி தொடங்கிய நியூ ஜப்பான் நிறுவனம் இதை ஒரு பள்ளி முறையாக வளர்த்தது. அங்கே புதியவர்கள் 'இளஞ்சிங்கங்கள்'. கறுப்பு அரைக்கால்சட்டை, கறுப்பு பூட்ஸ், அலங்காரம் எதுவும் கிடையாது. பயிற்சிக்கூடத்திலேயே தங்கிச் சமைக்க வேண்டும், பெருக்க வேண்டும், மூத்தவர் துணிகளைத் துவைக்க வேண்டும், மேடை கட்ட வேண்டும். ஆட்டத்தில் அடிப்படைப் பிடிகள் மட்டுமே அனுமதி. பகட்டான தாவல்கள் கூடாது. சில ஆண்டுகளுக்குப் பின் வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். அங்கிருந்து புதுப் பெயரும் புதுத் தோற்றமுமாகத் திரும்புவார்கள். இந்த முறையில் நான் பெரிதும் மதிக்கும் அம்சம், இதற்கு முடிவு உண்டு என்பது. காலம் முடிந்ததும் நிறுவனமே அவனை மேலே ஏற்றுகிறது.

கஜுச்சிகா ஒகாடா பதின்ம வயதிலேயே மெக்சிகோ போய்ப் பயின்று அங்கே ஆடியவர். 2007-ல் நியூ ஜப்பானில் சேர்ந்தபோது அந்த அனுபவம் கணக்கில் வரவில்லை. மறுபடி இளஞ்சிங்கமாக அடியிலிருந்து தொடங்கினார். பின்னர் அமெரிக்காவில் டி.என்.ஏ. நிறுவனத்தில் கவனிப்பாரற்றுக் கிடந்தார். 2012 ஜனவரியில் நாடு திரும்பினார். அடுத்த மாதமே, 24 வயதில், ஹிரோஷி டனஹாஷியை வென்று நிறுவனத்தின் முதன்மைப் பட்டத்தைப் பெற்றார். இதற்கு எதிர்ச் சான்று ஷின்சுகே நகமுரா. 2002-ல் அறிமுகமாகி, 2003 டிசம்பரில் 23 வயதிலேயே அதே பட்டத்தைப் பெற்றவர். அந்த அவசரம் அவருக்கு நன்மை செய்யவில்லை என்பது என் எண்ணம். தனக்கென்று ஒரு நடையைக் கண்டுபிடித்து அவர் மக்கள் மனத்தில் இடம்பிடிக்கப் பல ஆண்டுகள் ஆயின.

ஆனால் ஜப்பானிய முறையைக் கோயிலாக்கிக் கும்பிடவும் கூடாது. அதன் வேர் இருக்கும் சூமோவில் 2007-ல் ஒரு பயிற்சிக்கூடத்தில் 17 வயதுச் சிறுவன் அடித்துக் கொல்லப்பட்டான். அந்தக் கூடத்தின் ஆசான் சிறைக்குப் போனார். பணிவிடை என்பது எந்த இடத்தில் வதையாகிறது என்று சொல்ல அங்கே வெளியாள் எவரும் இல்லை.

அமெரிக்காவிலும் ஓர் உயிர் போனது. அதில் இந்தியப் பெயர் ஒன்றும் இருக்கிறது. 2001 மே மாதம் கலிபோர்னியாவின் ஹேவர்டில் 'ஆல் புரோ ரெஸ்லிங்' பள்ளியில், பின்னாளில் 'கிரேட் காளி' என்று நாம் அறிந்த தலிப் சிங் ராணாவுடன் பயிற்சி செய்த ஒரு மாணவர் தூக்கிப் போடப்பட்டுத் தலையில் அடிபட்டு இறந்தார். அதற்கு முன்பே அவருக்குத் தலையில் அடிபட்டிருந்தது. அவர் குடும்பம் பள்ளி மீது வழக்குத் தொடுத்தது. பள்ளி பொறுப்பின்றி நடந்துகொண்டதாக நடுவர் குழு தீர்ப்பளித்து, 13 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு வழங்கச் சொன்னது. வலியைத் தாங்குவதே தகுதி என்று கற்பிக்கும் இடத்தில், அடிபட்ட மாணவன் "இன்று முடியாது" என்று சொல்வது எளிதில்லை. ராகிங்கை ஆதரித்துப் பேசும் ஒவ்வொருவரிடமும் இந்த ஒரு சாவைக் குறித்துக் கேட்க வேண்டும்.

டபிள்யூ.டபிள்யூ.இ. அறைகளில் 'வீரர்கள் நீதிமன்றம்' என்ற ஒன்று நடந்தது. அண்டர்டேக்கர் நீதிபதி, ஜே.பி.எல். வழக்குரைஞர். வேடிக்கையாகத் தொடங்கியதுதான் என்று அதில் இருந்தவர்கள் சொல்கிறார்கள். வேடிக்கை எப்போதும் மேலே இருப்பவனுக்குத்தான். புதுமுகங்களைத் தேடும் 'டஃப் இனஃப்' என்ற போட்டி நிகழ்ச்சியில் பாப் ஹோலி என்ற மூத்தவர், பயிற்சி மாணவரான மேட் கப்போட்டெலியை கேமரா முன்னாலேயே நிஜமாக அடித்து ரத்தம் வரவழைத்தார். 2004-ல் அதே நிகழ்ச்சியின் போட்டியாளர் டேனியல் பூடர், ஒலிம்பிக் தங்கம் வென்ற கர்ட் ஆங்கிளைத் தொலைக்காட்சியில் ஒரு பிடியில் சிக்கவைத்தார். சில மாதங்களில், 2005 ராயல் ரம்பிளில், எடி கரேரோ, பென்வா, ஹோலி மூவரும் அவர் நெஞ்சில் மாறி மாறி அறைந்து பாடம் புகட்டினார்கள். அந்த ஆண்டே நிறுவனம் அவரை விடுவித்தது. ஆங்கிளே ஓராண்டுக்குள் சாம்பியனானவர் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். பிராக் லெஸ்னர் 2002 மார்ச்சில் தொலைக்காட்சிக்கு வந்து ஆகஸ்டில் தி ராக்கை வென்று பட்டம் பெற்றார். அவரை எவரும் நடைவழியில் உடைமாற்றச் சொல்லவில்லை. முதலாளிக்கு வேண்டியவனிடம் இந்தச் சட்டம் வாலாட்டியது. வேண்டாதவனிடம் மட்டுமே பாய்ந்தது.

மிஸானின் பின்னாளில் சாம்பியனாகி, நிறுவனத்தின் ஆண்டுப் பெருநிகழ்ச்சியான ரெஸில்மேனியாவின் 2011 முதன்மை ஆட்டத்தில் ஜான் சீனாவை வென்றார். எனவே அந்த ஆறு மாதம் அவரைப் புடம்போட்டது என்று சிலர் வாதிடுவார்கள். வென்றவர்கள் அப்படிச் சொல்வது இயல்பு. அதே அறையிலிருந்து மனமுடைந்து வெளியேறியவர்களிடம் யாரும் பேட்டி எடுப்பதில்லை.

பணத்தின் பக்கம் வந்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். ஃபாபுலஸ் மூலா என்ற வீராங்கனை பல பத்தாண்டுகள் அமெரிக்கப் பெண்கள் மல்யுத்தத்தைத் தன் பிடியில் வைத்திருந்தார். தன் பள்ளியில் பயின்றவர்களுக்கு ஆட்டம் பிடித்துக்கொடுப்பதும் அவரே, அவர்கள் கூலியில் கணிசமான பங்கை எடுத்துக்கொள்வதும் அவரே. முன்னாள் மாணவியர் இதைவிடக் கொடிய குற்றங்களையும் சுமத்தினார்கள். 2018-ல் ரெஸில்மேனியா ஆட்டம் ஒன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டபோது எழுந்த எதிர்ப்பில் சில நாட்களுக்குள் அந்தப் பெயர் நீக்கப்பட்டது.

டபிள்யூ.சி.டபிள்யூ.வில் கடன் என்றைக்குமே தீராததாக இருந்தது. ஹோகனும் அவர் வயதொத்தவர்களும் 1990-களின் இறுதிவரை உச்சியைவிட்டு இறங்கவில்லை. தன் ஆட்டத்தின் முடிவில் தலையிடும் உரிமை ஹோகனின் ஒப்பந்தத்திலேயே இருந்தது. கிறிஸ் ஜெரிக்கோ 1999-ல் போட்டி நிறுவனமான டபிள்யூ.டபிள்யூ.எஃப்.புக்குப் போனார். 2000 ஜனவரியில் பென்வா, கரேரோ, டீன் மலென்கோ, பெர்ரி சாட்டர்ன் நால்வரும் சேர்ந்து போனார்கள். எல்லோரும் பல நாடுகளில் அடிபட்டு வந்தவர்கள். அடிமட்டத்திலிருந்து வருவதுதான் தகுதி என்றால் அவர்களைவிடத் தகுதியானவர் யார்? 2001 மார்ச்சில் டபிள்யூ.சி.டபிள்யூ. விற்கப்பட்டது. வேறு காரணங்களும் உண்டு. ஆனால் இளையவருக்கு வழிவிடாததும் ஒரு காரணம்.

இவற்றையெல்லாம்விட முக்கியம் என்று நான் கருதுவது 1986-ல் நடந்தது. இரண்டாம் ரெஸில்மேனியாவை ஒட்டி ஜெஸ்ஸி வென்சுரா வீரர்களிடம் சங்கம் அமைப்பது பற்றிப் பேசினார். செய்தி மக்மேன் காதுக்குப் போயிற்று. சொன்னது யார் என்பது பின்னாளில் வென்சுரா தொடுத்த ராயல்டி வழக்கில், மக்மேனின் வாக்குமூலத்தில் வெளிவந்தது. ஹல்க் ஹோகன். புதியவன் யாருக்குக் கைகொடுக்கவில்லை என்று கணக்கு வைத்த அந்த அறைகளில், மருத்துவச் செலவுக்கும் ஓய்வூதியத்துக்கும் சேர்ந்து நிற்க வேண்டும் என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. பணிந்து பழகியவன் முதலாளியிடமும் பணிவான். ராகிங்கால் மெய்யாகப் பயனடைந்தவர் அங்கே உட்கார்ந்திருந்த பிரமோட்டர்.

இன்று நிலைமை மாறிவிட்டது. 2013-ல் டபிள்யூ.டபிள்யூ.இ. ஆர்லாண்டோவில் திறந்த பயிற்சி மையத்தில் ஏழு மேடைகள், மருத்துவர், உடற்பயிற்சியாளர் எல்லாம் உண்டு. 2021 முதல் கல்லூரி விளையாட்டு வீரர்களை நேரடியாக ஒப்பந்தம் செய்கிறார்கள். 2021 ஜனவரியில் அண்டர்டேக்கர் ஒரு பேட்டியில், இன்றைய ஆட்டம் மென்மையாகிவிட்டது, தன் காலத்து அறைகளில் துப்பாக்கியும் கத்தியும் இருந்தன, இன்று வீடியோ கேம் இருக்கிறது என்று குறைபட்டுக்கொண்டார். அவர் மேல் எனக்குப் பெருமதிப்பு உண்டு. முப்பது ஆண்டுகள் ஒரு வேடத்தை அப்படிக் காத்தவர் வேறு எவரும் இல்லை. ஆனால் இந்தப் பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த அறைகளில் இருந்த எத்தனை பேர் ஐம்பது வயதைத் தாண்டவில்லை என்பது அவருக்கே தெரியும்.

அவர் கவலைப்பட வேண்டியது வேறொன்று. பயிற்சி மையத்தில் விழக் கற்கலாம். பிடிக்காத கூட்டத்தைத் தன் பக்கம் இழுப்பது எப்படி என்பதை அங்கே கற்க முடியாது. அதற்குச் சிற்றூர்க் கூடங்களும், வாரம் பல இரவு ஆட்டங்களும், எதிரில் நிற்கும் மூத்தவரும் வேண்டும். பேட் பன்னி என்ற பாடகர் 2021 ரெஸில்மேனியாவுக்காக மாதக்கணக்கில் ஆர்லாண்டோவில் தங்கிப் பயின்றார். ஒரே இரவில், சந்தேகத்தோடு வந்த ரசிகர்களும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பை சுமக்காத ஒருவரை அவர்கள் ஏற்றுக்கொண்டதற்குக் காரணம், அவர் கலையை மதித்து உழைத்தது கண்ணுக்குத் தெரிந்ததுதான்.

எனவே மூத்தவர்கள் புதியவனிடம் கேட்க வேண்டியது அவன் நேரத்தை. பாதுகாப்பாக விழும்வரை, எதிராளியைப் பத்திரமாக இறக்கும்வரை, கூட்டத்தைக் கேட்கப் பழகும்வரை அவன் பட்டத்துக்கு ஆசைப்படக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லட்டும். அதற்கு ஈடாக மூத்தவர் அவனிடம் தோற்கவும் தயாராக இருக்கட்டும். டபிள்யூ.டபிள்யூ.இ. வீரர்கள் சட்டப்படி இன்றும் ஊழியர்கள் இல்லை, தனி ஒப்பந்தக்காரர்கள். அவர்களுக்கென்று ஒரு தொழிற்சங்கமும் இல்லை. இளையவர்களை நடைவழியில் நிறுத்தப் பயன்படுத்திய செல்வாக்கை மூத்தவர்கள் அந்தச் சங்கத்தை அமைக்கப் பயன்படுத்த வேண்டும்.